கோடு அச்சைத் தொடும் இடம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹடப்சரில் வசிக்கும் நம் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கூடத்தில் அவருடைய மூத்த பெண் வரைபடத்தாளை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பத்தாம் வகுப்பு மாணவி. மராத்தி வழியில் படிப்பவள். தாளில் அழிப்பான் தேய்த்த இடமெல்லாம் சாம்பல் நிறம் பூத்திருந்தது. பக்கத்தில் அவளுடைய தாயார் அன்று மண்டியில் வாங்கிய காய்கறிகளின் கணக்கை ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தந்தை மட்டும் சற்று விலகி, பலகணியோரம் நின்றிருந்தார்.

"குழந்தை திண்டாடுகிறாளே, கொஞ்சம் சொல்லிக்கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நான் படித்ததெல்லாம் தமிழில், ஐயா. இவள் படிப்பதோ மராத்தியில். நான் ஒரு சொல் சொன்னால் இவள் வேறு சொல் சொல்கிறாள். இரண்டு முறை முயன்று பார்த்தேன். 'அப்பா, உங்களுக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நான் கிட்டப் போவதில்லை" என்றார் அவர்.

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. பிழைப்பை நாடி வந்த ஊரில் பிள்ளைகளின் கல்வி வளர்வதும், அந்தக் கல்வியின் வாசலில் பெற்றோர் அந்நியராய் நின்றுவிடுவதும் நம் இல்லங்கள் பலவற்றிலும் காணும் காட்சியே. ஆகவே இம்மாதம் அந்த ஒரு கணக்கையே இப்பகுதிக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன். கணக்கு என்றவுடன் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம் என்று இல்லத்தரசியரை முக்கியமாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்று அந்தக் கணக்கைத் தீர்த்து வைத்தவர் அக்குழந்தையின் தாயார்தாம்.

மகாராஷ்டிர மாநிலத்தில் 2018ஆம் ஆண்டில் வெளிவந்த பத்தாம் வகுப்பு இயற்கணித நூலின் முதற்பாடமே இரண்டு மாறிகள் கொண்ட நேரிய சமன்பாடுகளைப் பற்றியது. அவ்வகைச் சமன்பாடு ஒன்றுதான் அன்று அவள் முன் இருந்தது: எக்ஸின் நான்கு மடங்கும் ஒய்யின் மூன்று மடங்கும் சேர்ந்தால் 24. இதற்குரிய கோட்டை வரைய வேண்டும். பெண் வகுப்பில் பழகிய வழக்கப்படி அட்டவணை போடத் தொடங்கியிருந்தாள். எக்ஸுக்கு 1 என்று வைத்தாள். ஒய் 20இல் மூன்றில் ஒரு பங்காக, ஆறும் பின்னமுமாக வந்தது. 2 என்று வைத்தாள். ஐந்தும் பின்னமுமாக வந்தது. இந்தப் பின்னங்களைச் சிறு கட்டங்களுக்குள் எங்கே குறிப்பது? ஒரு மயிரிழை தவறினாலும் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் அமையா. அழிப்பான் தேய்ந்ததற்குக் காரணம் இதுவே.

நான் தாயாரைப் பார்த்து, "அம்மா, கையில் 240 ரூபாய் இருக்கிறது. தக்காளி கிலோ 40 ரூபாய், வெங்காயம் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தக்காளியே வேண்டாம், பணம் முழுவதற்கும் வெங்காயமே வாங்குவது என்றால் எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டேன்.

"எட்டு கிலோ" என்றார், எழுதுகோலை எடுக்காமலே.

"வெங்காயமே வேண்டாம், எல்லாம் தக்காளிதான் என்றால்?"

"ஆறு கிலோ."

"அவ்வளவுதான். கணக்கு முடிந்தது" என்றேன். பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

தக்காளியின் எடையை 'த' என்றும், வெங்காயத்தின் எடையை 'வெ' என்றும் குறித்தால், தாயாரின் கணக்கு இவ்வாறு அமையும்: 40த + 30வெ = 240. இருபுறமும் பத்தால் வகுத்துப் பாருங்கள்: 4த + 3வெ = 24. பெண்ணின் பாடப்புத்தகத்தில் இருந்ததும் இதுவே. புத்தகம் எக்ஸ், ஒய் என்றது. நாம் தக்காளி, வெங்காயம் என்றோம். வேற்றுமை அவ்வளவே.

இனி வரைபடத்தாளில் படுக்கையாகச் செல்லும் அச்சின்மீது தக்காளியையும், செங்குத்தாக நிற்கும் அச்சின்மீது வெங்காயத்தையும் குறிப்போம். தக்காளி சுழி, வெங்காயம் 8 என்ற புள்ளி செங்குத்து அச்சின்மீதே விழும். தக்காளி 6, வெங்காயம் சுழி என்ற புள்ளி படுக்கை அச்சின்மீதே விழும். இரண்டையும் அடிகோல் வைத்து இணைத்துவிட்டால் கோடு பிறந்துவிடும். இரண்டு புள்ளிகள் வழியே ஒரே ஒரு நேர்கோடுதான் செல்ல முடியும் அன்றோ! அப்படியிருக்க, எண்ணற்ற புள்ளிகளுள் கணக்கிடுவதற்கு மிக எளிய இரண்டைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை. ஒரு மாறியைச் சுழியாக்கிவிட்டால் அது சமன்பாட்டிலிருந்து மறைந்துவிடும்; எஞ்சுவது ஒரே ஒரு வகுத்தல். இவ்வாறு கோடு அச்சுகளைச் சந்திக்கும் இடத்தை, ஆதிப்புள்ளியிலிருந்து அளந்து கூறுவதையே தமிழ்ப் பாடநூல்கள் 'வெட்டுத்துண்டு' என்கின்றன.

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலகணியோரம் நின்றிருந்த தந்தை திரும்பினார். "வெட்டுத்துண்டா! அது எனக்குத் தெரியுமே!" என்றார்.

அவருக்குத் தெரிந்தது பெண்ணுக்கும் தெரிந்ததுதான், பெயர்தான் வேறு. மராத்திக் கணித நூல்களில் 'ஆந்தர்சேத்' என்னும் சொல் வெட்டுத்துண்டைக் குறிக்கும். நாம் வரைபடம் என்பதை அவர்கள் 'ஆலேக்' என்பர். நம் ஆதிப்புள்ளி அவர்களுக்கு 'ஆரம்பபிந்து'. 'ரேஷா' என்பது நம் ரேகையே. 'அக்ஷ' என்பது ஒலியிலும் பொருளிலும் நம் அச்சுக்கு அண்டை வீட்டுக்காரன். 'சமீகரண்' என்ற சொல்லில் சமன் என்பதன் சாயல் தெரிகிறது. இந்த ஆறு சொற்களையும் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், தமிழில் படித்த தந்தையும் மராத்தியில் படிக்கும் மகளும் ஒரே மேசையில் அமரலாம்.

கணக்கைச் சரிபார்க்கும் வழி ஒன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். இரண்டு புள்ளிகளை வைத்து வரைந்த கோட்டில் ஒன்று பிழையாகிவிட்டாலும் கோடு என்னவோ நேராகத்தான் வரும். பிழை வெளியே தெரியாது. ஆகையால் மூன்றாவது புள்ளி ஒன்றைச் சாட்சியாக அழைக்க வேண்டும். தக்காளி 3 கிலோ வாங்கினால் 120 ரூபாய். மிச்சம் 120 ரூபாய்க்கு வெங்காயம் 4 கிலோ. மூன்று, நான்கு என்ற அந்தப் புள்ளி நாம் வரைந்த கோட்டின்மீதே அமைந்திருக்கக் காணலாம். தேர்வில் நான்கு புள்ளிகள் கொண்ட அட்டவணை கேட்டிருந்தால் நான்கையும் எழுதத்தான் வேண்டும். அவற்றுள் முதலிரண்டு வெட்டுத்துண்டுகளாக இருக்கட்டும்.

இந்தக் கோட்டைச் சற்று உற்று நோக்கினால், குடும்பம் நடத்துகிறவருக்குத் தெரிந்த செய்திகளே அதில் எழுதியிருப்பது விளங்கும். கோட்டின்மீது உள்ள ஒவ்வொரு புள்ளியும் 240 ரூபாயும் செலவாகும் ஒரு வழி. கோட்டுக்குக் கீழே நின்றால் பையில் பணம் மிச்சம். மேலே சென்றால் கடைக்காரரிடம் கடன். செங்குத்தில் 8, படுக்கையில் 6 என்பதிலிருந்து, 3 கிலோ தக்காளி கூடுதலாக வேண்டுமானால் 4 கிலோ வெங்காயத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. நாசிக் மாவட்டத்து லாசல்காவ் சந்தையில் விலை ஏறி, இங்கே வெங்காயம் கிலோ 40 ரூபாய் ஆகிவிட்டால் என்ன நேரும்? செங்குத்து அச்சில் இருந்த 8 இறங்கி 6 ஆகும். தக்காளி அச்சில் உள்ள 6 அசையாது. கோடு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் சாய்கிறது. விலைகள் மாறாமல், கையில் உள்ள பணம் 360 ரூபாயானால் முனைகள் 9 ஆகவும் 12 ஆகவும் நகரும்; கோடு பழைய கோட்டுக்கு இணையாக மேலே செல்லும்.

24ஆல் இருபுறமும் வகுத்தால் இன்னும் தெளிவான ஓர் உருவம் கிடைக்கும்: தக்காளியை ஆறால் வகுத்த ஈவும், வெங்காயத்தை எட்டால் வகுத்த ஈவும் சேர்ந்தால் 1. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூல் இதனை 'வெட்டுத்துண்டு வடிவம்' என்று கூறும். மாணவர் பலர் இதனைப் பொருள் உணராது நெட்டுருச் செய்கின்றனர். பொருள் இதுதான்: பணத்தில் தக்காளிக்குச் சென்ற பங்கும் வெங்காயத்திற்குச் சென்ற பங்கும் சேர்ந்தால் முழுப்பணம்.

எண்ணையும் கோட்டையும் இவ்வாறு ஒன்றாகக் காணும் முறை மனிதருக்கு எளிதில் வாய்த்ததன்று. பிரான்சு நாட்டு அறிஞர் ரெனே டேக்கார்ட் 1637ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவகணித நூல் இதற்கு வழி திறந்தது. அந்நாட்டவரான பியர் டி ஃபெர்மா என்பவரும் அக்காலத்திலேயே இதே கருத்தைத் தனியாகக் கண்டிருந்தார். அதற்கு முன்னர்ச் சமன்பாடு ஒருவர் கையிலும், கோடு மற்றொருவர் கையிலுமாக இருந்தன என்று சொல்லலாம்.

காய்கறிக் கணக்கு விளையாட்டுப் போலத் தோன்றலாம். வெட்டுத்துண்டுக்கு உயிர் கொடுக்கும் வேறொரு கணக்கு, ஹடப்சர் வழியாகவே ஓடுகிறது. கடக்வாஸ்லாவிலிருந்து புறப்படும் முட்டா வலதுகரைக் கால்வாய் நம் பகுதியைக் கடந்து, தௌண்ட், இந்தாபூர் வட்டங்களின் வயல்களுக்குச் செல்வதை நாம் அறிவோம். புணே நகரின் குடிநீருக்கும் அந்த வயல்களுக்கும் முதலாக நிற்பவை நான்கு ஏரிகள். அவற்றின் பயன்படும் கொள்ளளவு, கடக்வாஸ்லா 1.97, பான்ஷேத் 10.65, வரஸ்காவ் 12.82, டேம்கர் 3.71 டி.எம்.சி. ஆகும். நான்கும் நிரம்பினால் மொத்தம் 29.15 டி.எம்.சி. மேட்டூர் அணையின் செய்தியைக் கேட்டு வளர்ந்த நமக்கு டி.எம்.சி. புதிய சொல் அன்று. நூறு கோடி கன அடி, அதாவது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர்.

மழை ஓய்ந்த அக்டோபர் 15ஆம் நாள் ஏரிகளில் 29 டி.எம்.சி. இருப்பதாகக் கொள்வோம். நகரம், வயல், வெயிலில் ஆவியாவது எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு டி.எம்.சி.யில் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்க. சமன்பாடு இவ்வாறு அமையும்: நீர் = 29 − (நாள் ÷ 10). நாள் சுழியாயின் நீர் 29. இது செங்குத்து அச்சில் வெட்டுத்துண்டு. நீர் சுழியாயின் நாள் 290. இது படுக்கை அச்சில் வெட்டுத்துண்டு. முதலாவது, நாம் எதைக் கொண்டு தொடங்கினோம் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அது என்றைக்குத் தீரும் என்பதைச் சொல்கிறது. அக்டோபர் 15இலிருந்து 290 நாள் எண்ணினால் ஆகஸ்டு முதல் நாள் வரும்.

இப்பொழுது செலவைச் சிறிதே கூட்டிப் பார்ப்போம். பத்தில் ஒரு பங்குக்குப் பதிலாக எட்டில் ஒரு பங்கு. தொடக்கம் அதே 29 தான். ஆனால் படுக்கை அச்சில் கோடு தொடும் இடம் 290லிருந்து 232க்கு வந்துவிடுகிறது. நாட்காட்டியில் அது ஜூன் மாதம் 4ஆம் நாள். புணேயில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டி. மலைப்பக்கத்து ஏரிகளில் நீர் நன்கு ஏறத் தொடங்குவதோ பெரும்பாலும் ஜூலையில். முதற்கோடு மழை வந்த பின்னர் அச்சைத் தொடுகிறது. இரண்டாம் கோடு மழைக்கு முன்னரே தொட்டுவிடுகிறது. நாளொன்றுக்குக் காணும் வேற்றுமை சிறிது; முடிவில் 58 நாள்.

உண்மையில் ஏரி நீர் இவ்வளவு ஒழுங்காக இறங்குவதில்லை. கால்வாயில் முறை வைத்து நீர் விடும் நாட்களில் மிகுதியாகவும், மற்ற நாட்களில் குறைவாகவும் இறங்கும். கோடையில் ஆவியாவதும் மிகும். நாம் எடுத்த தினசரிச் செலவு விளங்குவதற்காக வைத்துக்கொண்ட அளவே. கோடு சுழியைத் தொடுவதென்றால் ஏரியின் அடித்தரை தெரிவது என்றும் கொள்ளலாகாது; பயன்படும் நீர் தீர்ந்தது என்பதே பொருள். ஆயினும் அதிகாரிகள் மழைக்காலம் முடிந்ததும் இருப்பைக் கணக்கிட்டு, அடுத்த ஜூலை நடுவரை குடிநீர் நிற்க வேண்டும் என்று பங்கிடுவதன் அடிப்படை இந்த இரண்டு புள்ளிகளே.

கோடு அச்சைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை நாம் பிறந்த மாநிலமும் கண்டது, வந்து வாழும் மாநிலமும் கண்டது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வறட்சியுற்ற லாத்தூருக்கு மிரஜிலிருந்து இரயிலில் தண்ணீர் சென்றது. முதல் வண்டியில் 10 தொட்டிகள், சுமார் 5 இலட்சம் லிட்டர். 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஜோலார்ப்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு 50 தொட்டிகளில் சுமார் 25 இலட்சம் லிட்டர் தண்ணீர் இரயிலில் வந்து சேர்ந்தது. ஊரிலிருந்த உறவினர் அந்நாட்களில் குடத்துடன் நின்ற கதையைத் தொலைபேசியில் கேட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. வெட்டுத்துண்டு என்பது வெறும் மதிப்பெண்ணுக்குரிய செய்தி அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இம்முறையைப் பயன்படுத்தும் மாணவர் நினைவில் வைக்க வேண்டியவை நான்கு உண்டு.

முதலாவது, அளவுத்திட்டம். 29ஐயும் 290ஐயும் ஒரே அளவில் குறிக்க முயன்றால் தாள் போதாது. செங்குத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 5 டி.எம்.சி., படுக்கையில் ஒரு சென்டிமீட்டருக்கு 30 நாள் என்று கொண்டால் கோடு தாளில் அழகாக அடங்கும். வெட்டுத்துண்டுகளை முதலில் கண்டுகொண்டு, பின்னரே அளவைத் தீர்மானிப்பது நலம். அளவுத்திட்டத்தைத் தாளின் மூலையில் எழுத மறக்கலாகாது.

இரண்டாவது, ஆதிப்புள்ளி வழியே செல்லும் கோடு. லிட்டர் 60 ரூபாய் வீதம் பால் வாங்கினால், பால் சுழியாயின் விலையும் சுழி. இரண்டு வெட்டுத்துண்டுகளும் ஒரே புள்ளியில் அடங்கிவிடுகின்றன. ஒரு புள்ளியைக் கொண்டு கோடு வரைய இயலாது. 5 லிட்டர், 300 ரூபாய் என்று வேறொரு புள்ளியைத் தேட வேண்டும்.

மூன்றாவது, அச்சுக்கு இணையான கோடு. மாத வாடகை 12,000 ரூபாய் என்றால், எந்த மாதத்திலும் அது 12,000 தான். அந்தக் கோடு மாதங்களின் அச்சை ஒருநாளும் தொடாது. வாடகை வீட்டில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை!

நான்காவது, குறை எண்ணாக வரும் வெட்டுத்துண்டு. செல்சியஸ் வெப்ப அளவை ஐந்தால் வகுத்து, ஒன்பதால் பெருக்கி, 32ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட் அளவு கிடைக்கும். இக்கோடு ஒரு அச்சை 32இலும், மற்றொன்றைச் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 17.8இலும் வெட்டுகிறது. குறை எண் வந்துவிட்டதே என்று மாணவர் திகைத்து அழிக்க வேண்டியதில்லை. அச்சை இடப்புறம் நீட்டினால் போதும்.

அன்று மாலை அந்த வீட்டிலிருந்து நான் புறப்படும்பொழுது, தந்தை பெண்ணின் எதிரே அமர்ந்திருந்தார். அவர் 'வெட்டுத்துண்டு' என்றார். அவள் 'ஆந்தர்சேத்' என்றாள். அடுத்த கணக்கிலும் எக்ஸைச் சுழியாக்கினார்கள், ஒய்யைச் சுழியாக்கினார்கள். இரண்டு முறை தவறினார்கள். மூன்றாவது புள்ளியைப் போட்டுப் பார்த்துத் தவற்றைத் தாமே கண்டுபிடித்தார்கள்.

நம் இல்லங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருப்பின், பெற்றோர்கள் இவ்வாரம் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக் கடன் ஒன்று இருக்கும். அதில் மாதந்தோறும் இத்தனை ரூபாய் கழிகிறது என்று இருக்கும். வட்டியை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, கடனைச் செங்குத்திலும் மாதங்களைப் படுக்கையிலும் குறித்துக் குழந்தையையே கோடு வரையச் சொல்லுங்கள். கோடு கீழே தொடும் மாதம் எது என்று அவள் விரல் வைத்துக் காட்டட்டும். கணக்கு அவளுக்கு விளங்கும். குடும்பத்தின் உழைப்பும் சிறிது விளங்கும்.